கும்ப ராசிக்கு வந்த சேதி

எங்கள் வீட்டுத் தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் உரிமை சித்தப்பாவுக்கு மட்டுமே இருந்தது. கடப்பாக்கத்தில் கடலுக்குப் போகிறவர்களில் தேதியை அவரளவுக்கு மதித்த இன்னொருவரை நான் கண்டதில்லை. ஐஸ் கம்பெனியில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த காலண்டரைத் தானே ஆணியடித்து மாட்டினார். விடியற்காலையில் கிளம்புமுன் முந்தைய நாளைக் கிழித்துவிட்டு, தாளின் அடியில் ராசிக்கொரு வார்த்தையாகப் போட்டிருக்கும் பலனில் தன்னுடைய கும்பத்தை மட்டும் உரக்கப் படிப்பார். ‘லாபம்’ என்றிருந்த நாளில் வெறும் வலையோடு திரும்பினால், அச்சடித்தவன் ஒருநாள் முந்திவிட்டான் என்பார்.

அந்த ஐப்பசிப் புயலில் அவர் திரும்பவில்லை. படகின் பலகைகூடக் கிடைக்கவில்லை. ஊரார் தேடி ஓய்ந்த பிறகு சித்தி தன் வழியில் தேடத் தொடங்கினாள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தினமும் காலையில் முந்தைய நாளைக் கிழித்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவாள்.

“பொடி எழுத்து, கண்ணுக்குத் தெரியல. கும்பத்துக்கு இன்னா போட்டுக்கீது, பாருடி.”

“அலைச்சல், சித்தி.”

“கடல்ல அலைஞ்சிகினு கீறாரு.”

மறுநாள் ‘தடை’. அதற்கடுத்து ‘உதவி’ வந்தது. வேற்று தேசத்துக் கப்பல் ஒன்று அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டது. ‘ஓய்வு’ வந்தபோது ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். ‘விரயம்’ மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை. புதுச்சட்டை வாங்கியிருப்பார் என்றேன்.

“அந்த மனுசனா? கிழிஞ்சத தெச்சிப் போட்டுகினு வருவாருடி,” என்று சித்தி சிரித்தாள். புயலுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

காலண்டர் மெலிந்துகொண்டே வந்தது. உடம்பு கிடைக்காவிட்டாலும் கருமாதி செய்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். செய்துவிட்டால் சித்தி பூவும் பொட்டும் வைக்க முடியாது, தாலியைக் கழற்றிவிடுவார்கள். அம்மா பக்குவமாகத்தான் கேட்டாள்.

“சேதி வந்துகினே கீதுக்கா. வர்ற மனுசனுக்கு எப்படிக் காரியம் பண்றது?” என்றாள் சித்தி. அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் ரயில்வேயில் இருந்த பெரியப்பா வீட்டில் கூடி முடிவு செய்வதென்று ஏற்பாடானது. அன்று காலை எங்கள் காலண்டரில் கும்பத்துக்குப் ‘பயணம்’. புறப்பட்டுவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி பூ வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

பெரியப்பா வீட்டுக் கூடத்துச் சுவரில் வரிசையாக மூன்று காலண்டர்கள் தொங்கின. மளிகைக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று ஒவ்வொன்றும் ஒரு கடை கொடுத்தது. பழக்கதோஷத்தில் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றில் ‘சுகம்’. அடுத்ததில் ‘பகை’. கடைசியில் ‘மறதி’. தேதி மூன்றிலும் சரியாகவே இருந்தது. ஒன்றில்கூடப் ‘பயணம்’ இல்லை. பெரியவர்கள் காபி குடித்துக்கொண்டிருந்த நேரம், முக்காலியில் ஏறி ‘மறதி’யைத் திருப்பி மாட்டினேன். ‘பகை’யைத் தொடுவதற்குள் பெரியப்பா பார்த்துவிட்டார்.

“காலண்டர் இன்னா பாவம் பண்ணுச்சு, மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிட்ட?”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சித்தி எழுந்து வந்தாள். என்னை முக்காலியிலிருந்து இறக்கிவிட்டு, திருப்பியிருந்த காலண்டரை நேராக்கினாள். முதல் காலண்டரில் கும்பத்தின் மேல் விரலை வைத்தாள்; உதடு அசைந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவதில் விரல் சற்று நேரம் நின்றது.

“எங்க வூட்டுக் காலண்டரு முடியறதுக்குள்ள தேதி குறிச்சிடுங்க, மாமா,” என்றாள்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சித்தி தன் பங்கு வேர்க்கடலையையும் என் மடியில் போட்டாள். அதை நான் தொடவில்லை. இத்தனை நாளாக ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் படித்துச் சொன்னவள் நான். சுவரில் மூன்று காலண்டர் இருந்தும், அன்று ஒன்றையாவது என்னைப் படிக்கச் சொல்லவில்லையே என்பதுதான் என் கோபம்.