அம்புக்குப் பூசிய சாயம்

எகிப்தின் போர்ட் சையதில் ரகீப் அத்திய்யாவைத் தெரியாத கப்பல்காரன் இல்லை. தெரிந்தவன் எவனும் இரண்டாம் முறை அவரோடு கப்பலேறியதில்லை. எனக்குத்தான் தலைவிதி. அவர் முதன்மை எஞ்சினியர், நான் அவருக்கு அடுத்தவன். பதவியைக் கிரீடம்போல் சுமந்தவர்; 'பாஷா', அதாவது பிரபு, என்று அழைக்காவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். குளிக்கும்போதாவது இறக்கிவைப்பாரா என்று எங்களுக்குள் பந்தயமே இருந்தது.

அந்த நோன்பு மாதம் பாஸ்பேட் ஏற்றத் துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்துக்குக் கிளம்பினோம். தீயணைப்பு பம்பின் மோட்டார் கரைப் பட்டறையில் புதிதாகக் கம்பிச்சுருள் சுற்றி வந்திருந்தது. வயர் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் வக்தியை, "தள்ளுடா, நீ மாட்டினா கப்பலே எரியும்" என்று விரட்டிவிட்டு ரகீப் தானே மாட்டினார்.

பம்ப் நன்றாக உறுமியது. அழுத்தம் மட்டும் பாதிகூட ஏறவில்லை.

வடிகட்டி அடைத்திருக்கும் என்றார். திறந்தோம், சுத்தமாக இருந்தது. உறிஞ்சு குழாயில் காற்று புகுகிறது என்றார். மூட்டுகளையெல்லாம் இறுக்கினோம். உள்சக்கரம் தேய்ந்துவிட்டது என்றார். வெறும் வயிற்றோடு பிரித்துப் பார்த்தால், கல்யாண வளையல்போல் மின்னியது. கடைசியில் கடலையே திட்டினார்: "துனிசியாக்காரன் கடல்ல தண்ணியே கனமில்ல."

ஸ்ஃபாக்ஸில் துறைமுக ஆய்வாளர் வந்தார். மாலுமி பிடித்த குழாயிலிருந்து வழிந்த நீர் அவன் செருப்பை நனைத்தது.

"இத வெச்சு சிகரெட்டக்கூட அணைக்க முடியாதே" என்று சொல்லி, கப்பல் நகரக்கூடாது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். பெருநாளை வீட்டில் கொண்டாடும் எங்கள் கனவு அதோடு முடிந்தது. ரகீப் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். எனக்கு இரக்கம்கூட வந்தது. "எல்லாம் இந்த வக்தி பண்ண வேலை" என்று அவர் வாயைத் திறந்தார். வந்த இரக்கம் போய்விட்டது.

கீழே போய் ஓடும் பம்பைக் கவனித்தேன். சுற்றவேண்டிய திசைக்கு அதன் மேல் அம்பு பொறித்திருந்தது. தண்டோ எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாஷா, தலைகீழா சுத்துது. ரெண்டு வயர இடம் மாத்தினா சரியாயிடும்."

"மாட்டினது நான். அப்ப அம்புதான் தப்பு. குடிச்சிட்டுப் பொறிச்சிருக்கான் படுபாவி!"

சொன்னதோடு நிற்கவில்லை. பிரஷ் வாங்கி அம்பின் மேல் சாம்பல் சாயம் பூசினார். பக்கத்திலேயே எதிர்த்திசை காட்டும் வெள்ளை அம்பு ஒன்றை வரைந்தார். நேர்த்தியாகத்தான் வரைந்தார், அதில் குறை சொல்லமுடியாது.

கேப்டன் ஹில்மியிடம் போனேன். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நோன்பு திறக்க அவர என் மேசைக்குக் கூப்பிடறேன். நீங்க வேலைய முடிச்சிடுங்க."

மேலே ரகீப் கோழியைக் கடித்துக்கொண்டிருந்தபோது, நானும் வக்தியும் மின்சாரத்தை நிறுத்தி வயரை மாற்றினோம்.

மறுநாள் ஆய்வாளர் முன் நீர் சீறிப் பாய்ந்ததில் மாலுமியே பின்னால் சாய்ந்தான். ரகீப் என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா? அம்பத் திருத்தினதும் பம்புக்குப் புத்தி வந்துடுச்சு!"

கேப்டன் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். உண்மையை அவரும் சொல்லவில்லை. ரகீப் கம்பெனி முதலாளியின் மருமகன்; அவரிடம் யார் சொல்வது? அடுத்த வருடம் கம்பெனி ரகீப்பைக் கரைக்கு அழைத்து, எல்லாக் கப்பல்களின் எஞ்சின் அறைகளுக்கும் மேற்பார்வையாளர் ஆக்கியது.

செய்தி கேட்ட அன்றே வக்தி வேலையை உதறினான். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள்; நான் உதறவில்லை. அவர் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் ஏணியடியில் நின்று, "வாங்க பாஷா" என்கிறேன்.