கடலை வலது காதில் வைத்துக்கொண்டு

காலை எட்டே முக்காலுக்கு நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். மதுரை மாட்டுத்தாவணியில் அதிகாலை மூன்றரைக்கு ஏறிய வண்டி அது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பேருந்தையே ஒரு தள்ளு தள்ளியது. அதைத் தாண்டியதும் ஜன்னல் வழியே ஈர வயலின் வாசம் வந்தது. நான் பார்த்த நாஞ்சில் நாடு அவ்வளவுதான். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது.

2009, செப்டம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் போய்க்கொண்டிருந்தது சுற்றுலாவுக்கு அல்ல, ஒரு சவாலுக்கு. கடியப்பட்டணத்தில் இருக்கும் செலின் என்னோடு விடுதிப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுக்கும் பார்வை இல்லை. படிப்பு முடித்து ஊருக்குப் போன வருடம்தான் சுனாமி வந்தது. அவளுடைய அப்பா சூசை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிக் காப்பாற்றினார். அதன் பிறகு ஐந்து வருடமாக அவளைத் தனியாக வாசல் தாண்ட விடவில்லை. இப்போது மதுரையில் என்னைப் போலவே அவளுக்கும் தொலைபேசி ஆபரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அப்பா சரி என்று சொல்லாமல் வர மாட்டேன் என்கிறாள் அவள். அப்பா சொன்னது இது: "ஒனக்க கூட்டுக்காரி மதுரையிலேருந்து ஒத்தைக்கு வந்து நம்ம வீட்டுக் கதவத் தட்டட்டும். பொறவு பாப்போம்."

அவர் விசைப்படகு வேலைக்காரர். அன்று பகல் இரண்டு மணிக்கு வேனில் கொச்சிக்குக் கிளம்பிவிடுவார். கடலுக்குப் போனால் கரை சேர ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆக, எனக்கு ஐந்தேகால் மணி நேரம் இருந்தது.

டவுன் பஸ்கள் நிற்கும் அண்ணா பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் முப்பது ரூபாய். அங்கே நின்று, "கடியப்பட்டணம் பஸ் எங்க நிக்கும்?" என்று பொதுவாகக் கேட்டேன். பதில் வரவில்லை, ஒரு கை வந்தது. அது என் கையைப் பிடிக்கவில்லை, கோலின் நுனியைப் பிடித்தது. கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் கோலை முன்னால் இழுத்துக்கொண்டே, "வா மக்கா, நான் கொளச்சலுக்குத்தான் போறேன், ஏத்தி விடுதேன்" என்றார் ஒரு அம்மா. கோலின் நுனி எனக்குக் கண். கண்ணைப் பிடித்து இழுத்தால் எப்படி நடப்பது? சொன்னேன். அவர் சிரித்துவிட்டு இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

குளச்சல் போய்க் கடற்கரை வழியாகவும் கடியப்பட்டணம் போகலாம், சுற்றுதான், ஆனாலும் சேர்ந்துவிடலாம் என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குச் சீட்டும் எடுத்துவிட்டார். காசைக் கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டார். வழியெல்லாம் நேந்திரம்பழச் சிப்ஸ். நல்ல மனுஷி என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே தின்றேன்.

பத்து இருபதுக்கு வண்டி நின்றது. "எறங்கு மக்கா" என்றார் அவர். பின்னால் இருந்து இரண்டு பேர் என் பையைத் தூக்கிக் கொடுத்தார்கள். முன்னால் யாரோ, "பையப் பைய எறங்கு, படி இருக்கு" என்றார்கள். மொத்தப் பேருந்தும் சேர்ந்து என்னை இறக்கியது. ஜன்னலிலிருந்து அந்த அம்மாவின் குரல்:

"நேர உள்ள போ, கேட்டியா. நல்லா பாப்பாவ. மொதல்ல கண்ணக் காட்டு, பொறவு சொந்தக்காரிய வீட்டுக்குப் போலாம். கர்த்தர் ஒனக்கு வெளிச்சம் தருவாரு!"

பினாயில் வாசம் அடித்தது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி வாசல். கோலோடு ஒருத்தி தனியாக இந்தப் பக்கம் வந்தால் வேறு எங்கே போவாள் என்று பேருந்து முழுக்க முடிவாகியிருக்கிறது. கடியப்பட்டணம் என்று நான் நாலு தடவை சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மீதிச் சிப்ஸைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை, ருசியாக இருந்தது.

கோபம் அடங்கியதும் பயம் வந்தது. தனியாக வருவேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, போக வேண்டிய ஊருக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன். செலினின் வேலை என் நடையை நம்பி இருக்கிறது.

"எங்க போணும்?" என்று ஓர் ஆண்குரல் கேட்டது. ஆட்டோக்காரர், பெயர் ஜெபராஜ். சொன்னேன். நூற்றிருபது ரூபாய் என்றார். அடுத்து அவர் கேட்டதை நான் மறக்க மாட்டேன். "நான் கையப் புடிக்கட்டா, இல்ல நீங்க எனக்க தோளப் புடிக்கியளா?"

அன்று காலையிலிருந்து என்னிடம் முதலில் கேட்டுவிட்டு உதவிய ஒரே ஆள் அவர். தோளைப் பிடித்து ஏறினேன். வீட்டு வாசல் வரை விடுகிறேன் என்றார். வேண்டாம், குருசடியில் இறக்கிவிடுங்கள், மிச்சத்தை நான் நடக்க வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

பத்து ஐம்பது. சாலையோரச் சிலுவைக் கோவிலான குருசடியில் உருகிய மெழுகுவர்த்தியின் வாசம். செலின் போனில் வழி சொல்லியிருந்தாள். கண் தெரிந்தவர்கள் சொன்னால் பச்சைப் பெயிண்ட் வீடு, பெரிய போர்டு என்பார்கள். அவள் சொன்னது: "குருசடிக்கு முதுகக் காட்டி நில்லு. கடல வலது காதுல வச்சிட்டு நட. கருவாட்டு வாசம் முடியுற எடத்துல தண்ணிப் பைப்பு சொட்டும். பைப்பத் தாண்டி காலுக்குக் கீழ சிமிண்டு போயி மணலு வரும். மணல்ல மூணாவது வாசல்."

நடந்தேன். வலது காதில் அலை. பத்தடி போனதும் பின்னால் ஒரு செருப்புச் சத்தம் சேர்ந்துகொண்டது. வலதுகால் சாதாரணமாக விழ, இடதுகாலில் மட்டும் வார் அறுந்த செருப்பு தரையில் ஒரு இழுப்பு இழுத்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. பீடி வாசம் வேறு. "யாருங்க? அவசரம்னா முன்னாடி போங்க" என்றேன். செருப்பு என்னைத் தாண்டிப் போகவில்லை. பட்டப்பகல்தான், ஆனாலும் கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓடக் கூடாது, ஓடினால் எண்ணிக்கை தப்பும். கருவாடு முடிந்தது. பைப்பு சொட்டியது. மணல் வந்தது. மூன்றாவது கதவைத் தட்டினேன்.

"ஏட்டி, கலா!" செலின் கதவைத் திறந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஐந்து வருடத்துக்குப் பிறகும் அதே குரல். உடம்பில் மட்டும் இப்போது மீன் வாசம். எனக்குப் பின்னால் அந்த அறுந்த செருப்பு வாசலிலேயே கழன்றது.

"அப்பா, எங்க போயிருந்திய?"

"சும்ம, வெளிய" என்றார் சூசை.

காலை ஒன்பது மணியிலிருந்து அவர் குருசடியில் நின்றிருக்கிறார். இரண்டு பேருந்து வந்தும் நான் இறங்கவில்லை என்றதும் மூன்று பீடி தீர்ந்திருக்கிறது. சாப்பிடும்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் போட்டாள் செலின். நெய்யூர்க் கதையை நான் மறைக்கவில்லை.

"பாத்தியா மக்கா" என்றார் அவர் மகளிடம். "கண்ணு தெரியாதவளக் கண்ட எடத்துல எறக்கி விட்டுட்டுப் போயிருவாவ."

"வழி தப்பினது நான் இல்ல மாமா" என்றேன். "கண்ணு தெரிஞ்ச பஸ்ஸே சேர்ந்து வழி தப்பிருச்சு. நான் திரும்பிச் சரியா வந்துட்டேன்."

அவர் கிழங்கைக் குழம்பில் பிசைந்தார். "பொறத்த நான் வந்தது தெரியுமா ஒனக்கு?"

"ஆள் வந்தது தெரியும், நீங்கன்னு தெரியாது. இடது செருப்பைத் தைக்கக் கொடுங்க."

செலின் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, நீங்க கடலுக்குப் போனா ஒரு மாசம் எங்க இருக்கியண்ணு எனக்குத் தெரியாது. என்னைக்காவது போவாண்டாம்ணு சொல்லியிருக்கனா?"

அவர் எழுந்து கை கழுவினார். "இவளக் கொண்டு போயி பஸ் ஏத்தி விட்டுட்டு நீ ஒத்தைக்குத் திரும்பி வா. நான் இஞ்சயே இருக்கேன். வந்துட்டா, ஞாயித்துக்கெழம மதுரைக்குப் போ."

செலின் பெட்டியிலிருந்து பள்ளிக்கூடத்துக் கோலை எடுத்தாள். மடக்குக் கோல், உள்ளே ரப்பர் தளர்ந்து மூட்டுகள் ஆடின. வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம், இந்தத் தடவை கடல் இடது காதில். பைப்பு தாண்டியதும் அவள் என் காதருகே குனிந்தாள்.

"அப்பா பொறத்த வாறாரு. செருப்பக் கழத்திப் போட்டுட்டு வாறாரு. ஒண்ணும் சொல்லாத."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மதுரையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் அப்பாவும் ஒரு மாதம் இப்படித்தான் பின்னால் வந்தார். அவருக்கு இருமல் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார். எனக்குத் தெரியும் என்று கடைசி வரை அவரிடம் சொல்லவில்லை.

ஒன்று பத்துக்கு நாகர்கோவில் பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்தேன். ஆட்டம் கண்ட கோல் ஒன்று தட்டித் தட்டித் தெருவுக்குள் போவது கொஞ்ச நேரம் கேட்டது. சீட்டுக் கொடுக்க வந்த நடத்துனர், "ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "வீட்டுக்கு" என்றேன்.

அம்மாண்டிவிளை தாண்டும்போது போன் அடித்தது.

"வீட்டுக்கு வந்துட்டேன் ஏட்டி. தெருவுல பாதியிலேயே அப்பா சத்தத்தக் காணல. பயந்துட்டேன். வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா, கட்டில்ல இருந்துட்டு, 'வந்திட்டியா மக்கா, நான் இஞ்சயேதான் இருந்தேன்'ங்காரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கடக்கர வழியா ஓடி வந்திருக்காரு. தரையெல்லாம் ஈர மணலு. இன்னும் மூச்சு வாங்குது அவருக்கு."