வாழையடியில் ஊற்றிய தண்ணீர்

எங்கள் அப்பாவிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் கார் இருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். அதன் தரையில் நீல நிறத்தில் கார்பெட் ஒட்டியிருந்தது. நாங்கள் செருப்போடு கால் வைத்தால் வண்டியை நிறுத்திவிட்டு எங்களையே திரும்பிப் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் அவர் கல்வராயன் மலையிலிருந்து திரும்பியபோது, பின்சீட்டின் கீழே கார்பெட் நனைந்து கறுத்துக் கிடந்தது. மலைச் சேறு என்றார் என்னிடம். அம்மாவிடம் தாழ்ந்த குரலில் வேறு ஏதோ சொன்னார். அம்மா உடனே ஒரு வாளியில் சாணம் கரைத்து, மஞ்சளும் கலந்து, வாசலுக்குத் தெளிப்பதுபோல் காருக்குள் தெளித்துவிட்டாள். சேற்றுக்குச் சாணி எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. வெயில் ஏறியதும், கதவைத் திறந்தால் மாட்டுக்கொட்டகைக்குள் தலையை விட்டதுபோல் இருந்தது.

"சுத்தம் பண்ணச் சொன்னா கொட்டாய் ஆக்கி வச்சிகீறியே!" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தெளிக்காம வுட முடியுமா? நாளைக்கு அதுல கல்யாணப் பொண்ணு ஏறணும்" என்றாள் அம்மா.

மறுநாள் சாயங்காலம் பெண்ணழைப்பு. நைனார்பாளையத்துப் பெரிய விவசாயி ஒருவர் தன் மகளை எங்கள் காரில் மண்டபத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சவாரி கைவிட்டுப் போனால், அந்தப் பக்கத்துக் கல்யாணம் எதற்கும் இனி அப்பாவைக் கூப்பிட மாட்டார்கள்.

அப்பா டெலிபோன் பூத்துக்கு ஓடினார். அம்மாவின் தம்பி, என் மாமா, பெரிய ஓட்டல்களில் கார்பெட் சுத்தம் செய்கிறவர். அந்த மாதம் சேலத்தில் வேலையாக இருந்தார். மறுநாள் காலையில் சேலம் பஸ்ஸின் கூரையிலிருந்து, கோழிக்கூடைகளுக்கு நடுவிலிருந்து, ஒரு மெஷினை இறக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இன்னா மாமா, கார்ல மாடு கீடு ஏத்துனியா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. தனியே அழைத்துப் போய்ப் பேசினார். திரும்பி வந்த மாமாவும் சிரிக்கவில்லை.

மெஷினைப் போட்டதும் தெருநாய்கள் ஓடிவிட்டன. அது சோப்புத் தண்ணீரைக் கார்பெட்டுக்குள் பீய்ச்சியது; பீய்ச்சிய கையோடு உறிஞ்சியும் கொண்டது. அதன் வாய் கண்ணாடிபோல் இருந்ததால் உள்ளே ஓடுவதெல்லாம் தெரிந்தது. அதுவரை நான் பார்த்த தண்ணீரெல்லாம் கீழே ஓடியது. இது மேலே ஏறியது. முதலில் பச்சையாக ஏறியது, பிறகு மஞ்சளாக, பிறகு சிவப்பாக. மெஷின் போன வழியெல்லாம் ஒரு சாண் அகலத்துக்கு நீலம் திரும்பி வந்தது. நான் மெஷின் போன பக்கமெல்லாம் கூடவே குனிந்து போனேன்.

இன்னும் ஈரம் காயவில்லை. காருக்குப் பொட்டு வைக்கப் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். கதவைத் திறந்து மோந்து பார்த்தார்.

"இன்னாப்பா, ஈரமா கீது? யார ஏத்துன இதுல?"

அப்பா துண்டை எடுத்து, துடைத்த சீட்டையே மறுபடியும் துடைத்தார். வந்தவர் என் பக்கம் திரும்பினார். "டேய் தம்பி, நீ சொல்லு. இன்னாடா இருந்துச்சி இதுல?"

விருந்தாளி வந்தால் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிற பையன் நான். ஆனால் அன்று பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது.

"மலைங்க! மலையே உள்ள வந்துடுச்சிங்க. இந்த மெஷினு மொத்தத்தையும் உறிஞ்சிடுச்சி. பாருங்க!" என்று அழுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "ஆமாண்டா, மலைதான்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "உம்புள்ள ஊமைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்துப் போனார். அப்பா படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாமா தொட்டியைத் தூக்கிக்கொண்டு சாக்கடைக்குப் போனார். அம்மா மறித்தாள்.

"அங்க ஊத்தாதடா. இங்க கொண்டா."

வீட்டுக்குப் பின்னால் வாழையடியில் குழி தோண்டி, அந்தத் தண்ணீரைக் கீழே சிந்தாமல் ஊற்றி மூடினாள். ஒரு மஞ்சள் துண்டைப் புதைத்து, நாய் கிளறாமல் இருக்கக் கல் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். வாழைக்கு நல்லது என்றாள்.

பெரியவனான பிறகுதான் சொன்னார்கள். மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த ஒரு பெண்ணுக்கு, பாதை வளைவில், காருக்குள்ளேயே குழந்தை பிறந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் நல்லபடியாகச் சேர்த்துவிட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். தீட்டுப்பட்ட கார் என்று தெரிந்திருந்தால் கல்யாண வீட்டார் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை வீட்டை ஒட்டிப் புதைப்பது எங்கள் வழக்கம். வழியில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு அம்மா எங்கள் வாழையடியைக் கொடுத்திருக்கிறாள்.

இதெல்லாம் தெரியாத நான், அடுத்த நாள் விடிந்ததும் வாழையடிக்கு ஓடினேன், மலை முளைத்திருக்கிறதா என்று பார்க்க.