காய்ச்சல் மருந்துக்குப் போத்தல் தேடி ஹட்டன் வரை

அன்று காலை ஏழு மணிக்குத் தோட்டத்து லொறியில் ஏறியவர்கள் மூன்று பேர்: டிரைவர் பியதாச, மருத்துவச்சி மேரியக்கா, டிஸ்பென்சரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் நான். பின்னால் தேயிலைப் பெட்டிகள். வழியனுப்ப வந்தவர் டிஸ்பென்சர் ஐயா ஒருவர்தான். அவரும் காய்ச்சலோடு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு.

ஐம்பத்தேழாம் வருடத்துப் புளு காய்ச்சல் உலகமெல்லாம் பரவியிருப்பதாக இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்து ஐயா சொல்லியிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, அது நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு வழி கண்டுபிடிக்கும் என்று தோன்றவில்லை. வந்துவிட்டது. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்குப் பாதி ஆட்கள்தான் வந்தார்கள்.

மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவருவதுதான் வழக்கம். தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் எல்லாக் காம்பரா அறையிலும் ஆள் படுத்துக்கொண்டால் அத்தனை போத்தலுக்கு எங்கே போவது? ஜாடி நிறைய மருந்து கலந்து வைத்தாயிற்று. ஊற்றிக் கொடுக்கத்தான் ஒன்றுமில்லை. பால் டின்னோடு வந்தவர்களை ஐயா திருப்பி அனுப்பிவிட்டார். தகரத்தில் மருந்து கெட்டுவிடுமாம்.

"சாயங்காலத்துக்குள்ள நூறு போத்தலாவது கொண்டாந்துருங்க. இல்லேன்னா இன்னிக்கு ராத்திரியும் லயத்துல மருந்து இல்ல," என்று பத்து ரூபாயை என் கையில் கொடுத்தார்.

நோர்வூட்டிலிருந்து ஹட்டன் ஏறக்குறைய எட்டு மைல். வளைவுக்கு ஒரு தரம் நான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். மேரியக்கா முந்தின இரவு இரண்டு பிரசவம் பார்த்தவர். இரண்டு தாய்மாரும் காய்ச்சல்காரர்கள். தூங்கி வழிந்துகொண்டிருந்தவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"தம்பி, தொட்டுத் தொட்டு நெத்தித் தோலு உரியப் போகுது."

"சுடுற மாதிரி இருக்குக்கா."

"வெயிலு அடிக்குது, சுடாம?"

பியதாச சிரித்தார். "பயம் வேணாம் தம்பி. நம்ம வீட்டுல எல்லாரும் கொத்தமல்லி குடிச்சு, நல்லா இருக்கு." சொல்லி முடித்ததும் தும்மினார். நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். டிக்கோயா தாண்டும்வரை அக்கா சிரிப்பை நிறுத்தவில்லை.

எட்டரைக்கு ஹட்டன். ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனோம். பழைய போத்தல் வாங்கி விற்கிற கடை மூடியிருந்தது, கடைக்காரருக்கும் காய்ச்சல். தேநீர்க் கடையில் ஐந்து சதத்துக்கு ஒரு வெறுந்தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே விசாரித்தோம். கோலி சோடாப் போத்தல்தான் இருந்தது; அதில் மருந்து ஊற்றினால் குண்டு அடைத்துக்கொள்ளும். பத்து மணியாகியும் எங்கள் கையில் ஒரு போத்தல்கூட இல்லை. ராத்திரி லயத்தில் கேட்கப்போகிற இருமல் எனக்கு அப்போதே கேட்டது.

அக்கா சட்டென்று எழுந்து நேரே சாராயக் கடைக்குள் நுழைந்தார். கழுத்தில் சிலுவை, கையில் மருத்துவச்சிப் பை. உள்ளே இருந்த இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கொல்லையில் போத்தல் மலை போலக் குவிந்து கிடந்தது.

"ஒண்ணு என்ன விலைங்க?" என்றார் அக்கா.

விஷயத்தைக் கேட்ட முதலாளி, "விக்கிறதுக்கில்ல," என்றார். பத்து ரூபாயை எடுத்த என் கையைத் தள்ளிவிட்டார். "இரவலாத் தர்றேன். காய்ச்சல் விட்டதும் கழுவித் திருப்பிக் குடுங்க. திரும்பாத போத்தலுக்குப் பத்து சதம். உங்க ஆளுங்க எந்திரிச்சாத்தானம்மா எனக்கும் யாவாரம்!"

நூற்றிருபது போத்தல். முதலாளி வீட்டுச் சமையல்காரர் அண்டாவில் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். கொல்லைக் குழாயடியில் மூன்று பேரும் கழுவினோம். பியதாச சிங்களத்தில் பாடினார், எங்களுக்கு வார்த்தை தெரியாவிட்டாலும் கூடவே பாடினோம். வைக்கோல் சுற்றிச் சாக்கில் அடுக்கி, திரும்பும்போது லொறியின் பின்னால் நானே உட்கார்ந்து, பச்சைப் பிள்ளையைப் போலச் சாக்குகளை அணைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் உடையவில்லை.

மூன்று மணிக்குத் தோட்டம். ஐயா ஊற்றினார்; வேளை அளவு தெரிய நான் காகிதக் கீற்று வெட்டி ஒட்டினேன். அந்தி சாய்வதற்குள் லயத்துக்கு இறங்கினோம். முதல் காம்பராவில் நான்கு நாளாக எழும்பாமல் கிடந்த ராமையா சாராயப் போத்தலைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"இத வாங்கவா ஹட்டன் வரைக்கும் போனீங்க? அக்கா, நீங்க தெய்வம்!"

ஒரு வேளை மருந்தை வாயில் ஊற்றியதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவர் சம்சாரம் சிரித்தாள். அடுத்த காம்பராவில் கேட்டுச் சிரித்தார்கள். இருமலும் சிரிப்புமாக லயம் முழுக்க ஒரே சத்தம். அந்த மாதத்தில் லயத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

சில வாரத்தில் காய்ச்சல் விட்டது. போத்தல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒரு போத்தல் வந்தால் ஒரு வீடு எழுந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று மட்டும் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தேடிப் போனேன். ஒன்றில் தேங்காயெண்ணெய் இருந்தது. அந்த வீட்டுக்காரி கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். இன்னொன்றில் மண்ணெண்ணெய், வீட்டில் எல்லாரும் சுகம். மூன்றாவது, ராமையாவுடையது. அவர் அதை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்கு, அதே முதலாளியிடம் நிரப்பப் போயிருந்தார்.

அதைக் கழித்தால், முதலாளிக்கு எங்கள் டிஸ்பென்சரி தரவேண்டிய பாக்கி இருபது சதம்.