மதகடியில் சிந்திய ஒயில்

நொச்சியடிக்குளத்தில் கனகலிங்கத்தைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாத ஆள் கிடையாது. அதை மறைக்க அவரும் பாடுபட்டதில்லை. பாம்புக்குப் பயம், இடிக்குப் பயம், அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதத்துக்குப் பயம். எண்பத்தைந்தாம் ஆண்டில் எல்லாவற்றுக்கும் மேலாக ஹெலிகொப்டர் பயம் வந்து சேர்ந்தது. தூரத்தில் தேனீ இரைந்தாலும் மனுசன் பற்றைக்குள் இருப்பார். ஆனால் எஞ்சினுக்கு மட்டும் அவர் பயந்ததில்லை. சாவகச்சேரிப் பக்கமிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர். வயல் செய்த நேரம் போக, ஊரிலிருந்த தண்ணீர்ப் பம்புகளுக்கும் பதினொரு மோட்டார் சைக்கிள்களுக்கும் வைத்தியம் பார்த்தார். பதினொன்றும் கிழடு. ஒழுகாத வண்டி ஒன்றுகூட இல்லை. எந்த வீட்டு வாசலில் எந்த வண்டி நின்றது என்று நிலத்தில் சிந்திக் கிடக்கும் எஞ்சின் ஒயிலைப் பார்த்தே சொல்லிவிடுவார். கடைசியில் அந்தக் கெட்டித்தனமே அவரை வாட்டி எடுத்தது.

அந்த மார்கழியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. மெயின் ரோட்டு மதகுக்கு மேலால் முழங்காலளவு தண்ணீர் ஓடியது. கனகலிங்கம் மனைவி அருந்ததியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்து வந்துகொண்டிருந்தார். தண்ணீரில் இறங்குமுன் அந்தப் பக்கத்துக்காரர் ஒரு வேலை செய்வார்கள். எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேற அடியில் ஒரு ரப்பர் குழாய் தொங்கும். அதற்குள் தண்ணீர் ஏறாமல் துணியால் அடைத்துக்கொண்டு கடப்பார்கள். அக்கரை சேர்ந்ததும் முதல் வேலையாக அதை இழுத்தெடுத்துவிட வேண்டும். கனகலிங்கம் அருந்ததி முகம் துடைக்கும் லேஞ்சியை வாங்கிச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார். அக்கரையில் மதகின் சீமெந்துக் கட்டுமேல் வண்டியை நிறுத்திக் குனியப் போன நேரம், வானத்தில் அந்த இரைச்சல் கேட்டது.

எஞ்சினை நிறுத்தக்கூட அவர் நிற்கவில்லை. அருந்ததியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தார். ஹெலி இரண்டு முறை வட்டமிட்டுவிட்டுப் போனது. அது போய்க் கால்மணி நேரம் கழித்துத்தான் அவர் வெளியே வந்தார். வண்டி அதுவரை தன்பாட்டில் இரைந்துகொண்டு நின்றது. கட்டின்மேல் உள்ளங்கையகலத்துக்கு ஒயில் சிந்தியிருந்ததை அவர் கண்டார்தான். நின்று பார்க்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை, ஏறிப் பறந்துவிட்டார்.

மூன்றாம் நாள் அதே மதகடியில் ஆமி ட்ரக் ஒன்று கண்ணிவெடியில் சிக்கியது. அடுத்த நாள் மத்தியானம் கிராம சேவகர் சைக்கிளில் வந்து வீடு வீடாகச் சொன்னார். மதகுக் கட்டின்மேல் ஒயில் கிடந்ததாம். குண்டு வைத்தவனின் வண்டி அங்கே நின்று ஒழுகியிருக்கிறது என்று ஆமி முகாமில் முடிவு கட்டிவிட்டார்களாம். நாளைக் காலை பத்து மணிக்குப் பதிவிலுள்ள பதினொரு வண்டியும் கூட்டுறவுச் சங்கக்கடை முற்றத்துக்கு வரவேண்டும். எது ஒழுகுகிறதோ அந்த ஆளைக் கொண்டுபோவார்கள்.

சிந்தியது தன் ஒயில் என்பது கனகலிங்கத்துக்குத் தெரியும். நாலு நாளாக வண்டி வழமைக்கு மாறாக ஒழுகிக்கொண்டிருந்தது. வான் தண்ணீரில் எங்கேயோ அடிபட்டிருக்கும், ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டிருந்தார். இப்போது ஆறுதலுக்கு நேரமில்லை.

மண்ணெண்ணெயால் எஞ்சினைக் கழுவித் துடைத்தார். பிறகு சுவாமிப் படத்தடிக்குப் போய்த் திருநீற்றுப் பேணியை எடுத்தார். மனுசன் பூசிக்கொண்டு கும்பிடப் போகிறார் என்று அருந்ததி நினைத்தாள். அவரோ அதை அப்படியே எஞ்சினில் தூவினார்.

“ஐயோ, சாமிக் குத்தம்! உங்களுக்கென்ன விசரோ?”

“கத்தாதையும். ஈரம் எங்கை தொடங்குதெண்டு பாக்கவேணும். வேறை மா எங்கை கிடக்கு?”

எஞ்சினை முடுக்கிவிட்டுத் தரையில் படுத்துக் கண்வெட்டாமல் பார்த்தார். ஒயில் ஓரிடத்தில் கசிந்தால் திருநீற்றில் அங்கே மட்டும் கறுப்புக் கோடு விழும், பாகங்கள் பொருந்தும் அந்த மூட்டுப் பகுதியைத் திறந்து அடைத்துவிடலாம். ஆனால் கோடு தலைமூடியில் விழுந்தது. பக்க மூடியில் விழுந்தது. சிலிண்டர் அடியிலும் விழுந்தது. இருந்த மூட்டெல்லாம் வேர்த்தது. வேறொருவர் வண்டியென்றால் இது என்ன நோவென்று அரை நொடியில் சொல்லியிருப்பார். பயம் பிடித்தவனுக்குத் தன் தொழிலே மறந்துபோகும். போல்ட்டுகளை இறுக்கினார். சவர்க்காரத்தைக் குழைத்து வெடிப்புகளில் அப்பினார். கொப்பி மட்டையை வெட்டிப் பக்க மூடிக்குப் புதுக் கஸ்கெட் போட்டார். ஒயில் ஒழுகிக்கொண்டேயிருந்தது.

அப்போதுதான் கண் அலுமாரித் தட்டுக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் கடதாசிப் பெட்டி இருந்தது. அதற்குள் இருந்தது பாலனுடைய ஒயில் சீல், ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். பாலன் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்தவன். நாலு வளவு தள்ளி மிளகாய் பயிரிட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய வண்டியும் இதே ரகம்தான். செயின் பக்கத்துச் சீல் தேய்ந்து ஒரு வருடமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வவுனியா வரை பஸ்ஸில் போய்ப் புதுச் சீல் வாங்கிவந்து, “வசதியான நேரத்தில போட்டுத் தாங்கண்ணே” என்று போன கிழமைதான் கொடுத்திருந்தான்.

கனகலிங்கம் பெட்டியைக் கிழித்தார். பாலனின் சீலைத் தன் வண்டியில் அடித்து இறுக்கினார். அதற்குப் பிறகும் ஒழுகியது.

பொழுது சாயும் நேரம் வேலிப் படலையடியில் பாலனின் குரல் கேட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தான்.

“அண்ணே, நாளைக்கு வண்டியப் பாக்கப் போறாங்களாம். அந்தச் சீல இப்பப் போட்டுருவமா?”

“அது… அளவு பிழை, பாலன். சரிவராது. நல்லாத் துடைச்சுப்போட்டுக் கொண்டு வாரும். ஒண்டும் நடக்காது.”

பாலன் கனகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தான், நிலத்தைப் பார்த்தான். “சரிங்கண்ணே” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அருந்ததி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புருசன்மேல் கோபமும் இரக்கமும் அவளுக்கு ஒன்றாக வந்தன. இரண்டையும் சொல்லாமல், “முகத்தைத் துடையுங்கோ, எல்லாம் ஒயில்” என்றாள். பிறகு, “என்ரை லேஞ்சியும் உங்களிட்டைத்தானே? அண்டைக்குத் தண்ணியுக்கை இறங்கேக்கை வாங்கினனீங்கள்” என்றாள்.

கனகலிங்கம் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு தடாலென்று நிலத்தில் விழுந்து குழாயைப் பிடித்து இழுத்தார். லேஞ்சி கறுத்து ஊறி வந்தது, பின்னாலேயே எஞ்சின் ‘புஸ்’ என்று மூச்சு விட்டது. காற்றுப் போக வழியில்லாமல்தான் இருந்த மூட்டெல்லாம் ஒயிலைத் துப்பியிருக்கிறது. மறுபடி துடைத்து அரைமணி நேரம் ஓடவிட்டார். ஒரு சொட்டு விழவில்லை.

“அப்ப பாலன்ரை சீல் தேவையில்லைத்தானே? கழட்டிக் குடுங்கோவன்” என்றாள் அருந்ததி.

“கழட்டினால் கிழிஞ்சுபோம்.”

கவனமாகக் கழற்றினால் கிழியாது. ஒழுகாமல் நிற்கும் எஞ்சினில் மறுபடி கைவைக்க அவருக்குப் பயம். உள்ளது அவ்வளவுதான்.

காலையில் சங்கக்கடை முற்றத்தில் சீமெந்துப் பைத் தாள்களை விரித்து, அதன்மேல் வண்டிகளை வரிசையாக நிறுத்தி எஞ்சின்களை ஓடவிட்டார்கள். கிழட்டு வண்டிகள் அன்றைக்கென்று பார்த்து நல்ல பிள்ளைகளாக நின்றன. ஊரே விடிய விடியத் துடைத்து, இறுக்கி, சவர்க்காரம் அப்பியிருந்தது. கனகலிங்கத்தின் தாளில் பொட்டு அழுக்கில்லை. பாலனின் வண்டியிலிருந்து இரண்டு நிமிடத்தில் ஒரு சொட்டு விழுந்தது, பிறகு இன்னொன்று.

ஆமிக்காரர் இரண்டு பேர் அவன் கையைப் பின்னால் கட்டினார்கள். “அண்ணே, இது எப்பவும் ஒழுகுற வண்டின்னு சொல்லுங்கண்ணே” என்றான் பாலன். கனகலிங்கம் குனிந்து தன் வண்டியின் கீழிருந்த தாளை மடித்தார். ட்ரக் போய்விட்டது.

மத்தியானம் பாலனின் மனைவி மீனம்மா வந்து முற்றத்தில் நின்றாள். ஏசவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவுமில்லை.

“அண்ணே, நீங்க வண்டி வேலை தெரிஞ்சவங்க. நீங்க வந்து சொன்னா நம்புவாங்க. வாறீங்களா?”

கனகலிங்கம் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் குந்தினார். அவருக்குத் திடீரென்று வீரம் வந்ததென்று கதை கட்டுவது பச்சைப் பொய். இந்தப் பெண் நாளைக்கும் வருவாள், மறுநாளும் வருவாள், சாகுமட்டும் இந்த முற்றத்தில் நின்று இதையே கேட்பாள் என்று நினைத்தார். ஆமிக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் கூடப் பயந்தார். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, கொடியில் காய்ந்த லேஞ்சியை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அருந்ததி கூரை தாங்கும் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவேண்டாம் என்று சொல்ல வாய்வரை வந்தது, மீனம்மாவைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

முகாம் வாசலில் வண்டியை நிறுத்திக் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார்.

“ஐயா, பாலன்ரை வண்டி செயின் பக்கத்தாலை மட்டுந்தான் ஒழுகும். மதகடியிலை ரெண்டு பக்கமும் ஒயில் கிடந்திருக்கும். பாருங்கோ, அது என்ரை.”

கீழே ஒரு தாளை விரித்தார். லேஞ்சியைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்தார். எஞ்சினை முடுக்கினார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. தன் கையால் அடைத்த எஞ்சின் ஒழுகவேண்டுமே என்று அவர் வாழ்நாளில் வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டுந்தான். முதல் சொட்டு வலது பக்கம் விழுந்தது. பிறகு இடது பக்கமும் விழுந்தது.

“குண்டு வைக்க நிண்டதில்லை ஐயா. ஹெலிக்குப் பயந்து ஓடினனான்.”

ஒயில் அவருடையது என்ற பாதியை மட்டும் அவர்கள் நம்பினார்கள். பாலன் அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தான். கனகலிங்கம் வர ஒன்பது மாதமானது.

வந்தபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அவருடைய வண்டி வரவேயில்லை. அடுத்த நாள் காலையில் பாலன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தான். அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கனகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“அண்டைக்கு நான் சொன்னது பொய், பாலன். சீல் அளவு சரி. என்ரை வண்டியிலை போட்டிட்டன்.”

“தெரியுங்கண்ணே. கிழிஞ்ச பெட்டி உங்க காலடியிலதான் கெடந்திச்சு.”

“தெரிஞ்சுமோ? பிடிச்சுக்கொண்டு போகேக்கை ஏன் சொல்லேல்லை?”

பாலன் வண்டியை மெதுவாக ஸ்டாண்டில் ஏற்றினான்.

“என்னத்தச் சொல்றது? என்னையவிட நீங்கதான பயந்துபோயிருந்தீங்க” என்றான்.