ஜெர்மனியில் மாமா கட்டிய கேம்ப்

ஐந்தாம் வகுப்புக் கண்காட்சிக்கு யார் எந்த ஊரின் மாதிரியைச் செய்வது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பாரிஸ் விழுந்தது. ஒரு கோபுரத்தை நட்டால் அவள் வேலை முடிந்தது. எனக்கு விழுந்தது ஜெர்மனியின் ரூர் பகுதி. நதி, நிலக்கரி, இரும்பாலை, போதாததற்குப் பாரம்பரியம் வேறு. எப்படியும் அவளை முந்தி முதல் பரிசு வாங்கிவிட வேண்டும் என்று வெறியோடு இருந்தேன்.

மாதிரி செய்து தருவதாக மாமா ஏற்றுக்கொண்டார். அம்மாவின் தம்பியான அவர், நாங்கள் இருந்த வளைகுடா நாட்டிலேயே கான்கிரீட் போடப் பலகை அடைத்து ஷட்டரிங் அடிக்கும் கார்பென்டர். கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் ஓர் அறையில் எட்டுப் பேரில் ஒருவராக இருந்தார். கேம்ப் ஆட்கள் குடும்பத்தை அழைத்துவர அனுமதி இல்லை என்பதால் அத்தையும் அவர்களுடைய கைக்குழந்தையும் ஊரில், நாகர்கோவில் பக்கத்தில் இருந்தார்கள். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் ஈசா டவுனில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

நான் நூலகப் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, மாமா பிளைவுட்டை அறுத்தார். மதியத்துக்குள் நதி ஓடிவிட்டது. சுரங்கக் கோபுரத்தின் சக்கரம் நிஜமாகவே சுற்றியது. கரிக்கழிவு மேடுகளுக்கு அம்மா, வடிகட்டியில் மிஞ்சிய டீத்தூள் சண்டியைக் காயவைத்துக் கொடுத்தாள். சுரங்கங்களை மூடியபின் அவற்றைக் காட்சிசாலையாக்கி விட்டார்கள் என்றபோதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. முடிந்துபோன சைட்டைப் பார்க்க எவனாவது டிக்கெட் எடுப்பானா என்று கேட்டுச் சிரித்தார். சைட் முடிந்தால் சாமானை ஸ்டோருக்கும் ஆளை ஊருக்கும் அனுப்புவதுதான் அவருக்குத் தெரிந்த முறை.

அடுத்தது தொழிலாளர் குடியிருப்பு. அதை மட்டும் சொல்லிவிட்டு நான் டிவி பார்க்கப் போனது என் தப்பு. திரும்பி வந்தால், தட்டைக் கூரையோடு நீளமாக ஒரு கட்டடம். மேலே தண்ணீர்த் தொட்டி, பத்து ஜன்னலுக்கும் பத்து ஏசி, உள்ளே இரண்டடுக்குக் கட்டில்கள், கேட்டில் வாட்ச்மேன். பனி பெய்யும் ஊருக்குப் பத்து ஏசி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏசி இல்லாம மனுசன் எப்பிடிக் கிடப்பான்?" என்றார் மாமா.

ஆத்திரத்தோடு புத்தகத்தை விரித்துப் படித்தேன். தனித்தனி செங்கல் வீடுகள், பின்னால் தோட்டம், ஆடு, புறா. துருக்கியிலிருந்து கான்ட்ராக்டில் வேலைக்கு வந்தவர்கள்கூடப் பிறகு மனைவி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். மாமா ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"ஃபேமிலிய கூட்டிட்டு வர விட்டானுவளா? உள்ளதா மக்களே?"

உண்மைதான் என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. சுரங்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாக அவர் கேட்கவே இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கேம்பை அவரே பெயர்த்துப் போட்டார். வழக்கமான மதியத் தூக்கத்தையும் விட்டுவிட்டு ஒரே ஒரு வீடு கட்டினார். சரிந்த கூரை, தோட்டம், தீக்குச்சிக் காலில் ஓர் ஆடு. மறுநாள் பள்ளியில் மேசைமேல் வைத்தபோதுதான் கவனித்தேன். வாசலில் சிவப்புச் சேலை கட்டிய ஒரு மரப் பெண், இடுப்பில் குழந்தை. பக்கச் சுவரில் ஓர் ஏசியும் இருந்தது.

பார்வையிட வந்த ஆசிரியை குனிந்து பார்த்து, ஜெர்மனியில் சேலை கட்டியிருப்பது யார் என்று கேட்டார். துருக்கிக்காரி என்றேன். பாரிஸ்காரி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். முதல் பரிசு பாரிஸுக்குப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமாவோடு நான் பேசவில்லை. அவரும் பரிசைப் பற்றிக் கேட்கவில்லை. கிளம்பும்போது அந்த வீட்டை மட்டும் பெயர்த்துத் தரச் சொல்லி, அட்டைப்பெட்டியில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனார். தோற்றுப்போன வீட்டை வைத்து இவர் என்ன செய்வார், எட்டுப் பேர் படுக்கும் அறையில் அதற்கு இடம்தான் ஏது என்று மட்டும்தான் எனக்கு யோசனை.