ஈரச்சாக்குப் பானை

போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறும் பஸ்சில் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒட்டிய கன்னம், ஏலக்காய் எஸ்டேட்டில் வேலையாம். ஈரச்சாக்கு சுற்றிய சின்ன மண்பானை ஒன்றைக் காற்றுப் படும்படி ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார். பஸ் எங்கே நின்றாலும் இறங்கிப்போய் ஊற்றுநீரில் சாக்கை நனைத்து வருவார். நான் பானையைப் பிடித்துக்கொள்ள நீட்டிய கையைத் தடுத்துவிட்டார்.

“கை படக்கூடாது அப்பு. உப்பில்லாத மோர்க்கஞ்சி. வயித்துல புண்ணு. சூடோ காரமோ உள்ள போனா ரத்தமா வருது. இது கெட்டுப்போனா இன்னைக்குப் பட்டினிதான்.”

ஒரு வளைவில் இன்ஜின் கொதித்து பஸ் நின்றது. டிரைவர் அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க, பீறிட்ட வெந்நீரில் டிரைவரின் கை வெந்துபோனது. அலறலைக் கேட்டு நாங்கள் திகைத்து நின்றோம். எஸ்டேட்காரர் மட்டும் பானையோடு ஓடினார். டிரைவரின் கையைப் பிடித்து மணிக்கட்டு வரை கஞ்சிக்குள் அமுக்கினார்.

முனகல் அடங்கியதும் டிரைவர் கேட்டார்: “அண்ணே, நீங்க என்னத்தச் சாப்பிடுவீக?”

“அத நாளைக்குப் பாத்துக்கிருவோம். கைய எடுக்காத.”

எதிரே வந்த ஒரு ஜீப், எங்கள் டிரைவரை ஏற்றிக்கொண்டு போனது. எஸ்டேட்காரர் கஞ்சியை ஓரமாகக் கொட்டினார்; பானையைக் கழுவினார். பிறகு அந்த வெறும் பானைமேல் சாக்கைச் சுற்றி, மறுபடியும் நனைக்கத் தொடங்கினார். “நாளைக் கஞ்சிக்குப் பானை குளுந்து கெடக்கணும்ல அப்பு” என்றார்.